விதானையாரின் கம்பளிக் கோட்டு

நெல்லுக்கு இன்னும் நாலே நாள் தவணை.

தைப்பொங்கலோடு மாரிமழை கையை விரித்துவிட்டது. கரடிமலை வட்டை என்ற வயல்வெளியில் நாற்பது ஏக்கர். அத்தனை நெல்லும் குடலை தள்ளி, வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. இந்த நேரத்தில் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் பால் பிடிக்கும். பாயாவிட்டாலும் கதிர் வரும், ஆனால் உள்ளே ஒன்றும் இராது. வெறும் சப்பி. மாடுகூட ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கரடிமலைக் குளம் கட்டு முட்ட நிறைந்து கிடந்தது. குளக்கட்டுக்கு அடியில் தண்ணீரை வெளியே விடும் துருசு இருந்தது. துருசைத் திறக்கும் திறப்பு, இரண்டடி நீள இரும்பு, தங்கத்துரையின் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. தங்கத்துரைதான் அந்த வட்டைக்கு வட்டவிதானை. இந்த ஆள் கையால் தண்ணீர் திறந்தால் வெட்டுக்குத்து வராது என்று வயற்காரர் எல்லாரும் கூடித் தெரிவு செய்யும் பதவி அது. பதினாறு வருடமாக அவரைத்தான் தெரிவு செய்கிறார்கள். திறப்பைக் கழற்றிக்கொண்டு போவார், துருசடி வைரவருக்கு ஒரு கர்ப்பூரம் கொளுத்துவார், ஏழு சுற்றுச் சுற்றுவார். விஷயம் முடிந்தது.

இந்த மாரியில் இடையில் ஒரு வேலி வந்து நின்றது.

ஐப்பசியில் அவர்கள் விதைத்து ஒரு கிழமை ஆகவில்லை, அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்துவிட்டது. கரடிமலையும் அதன் காலடிக் குளமும் இனித் தேசிய வனநிலம். பொறுப்பு, தேசிய வனநில விருந்தோம்பல் திணைக்களம். குளம் வேலிக்கு உள்ளே, வயல் வேலிக்கு வெளியே. வாயை ஒரு வீட்டிலும் வயிற்றை இன்னொரு வீட்டிலும் கட்டிக்கொடுத்த மாதிரி.

தங்கத்துரை திறப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, திரியாயிலிருந்து சைக்கிளை உழக்கி, வேலி வாசலுக்கு வந்து இறங்கினார். வாசலில் ஒரு பெரிய பலகை.

'கரடிமலை மலைஏரி. குளிர்காலப் பருவம். பனி வழுக்கும், கவனம்.'

பக்கத்தில் படம். பனி மூடிய சிகரம், ஊசியிலை மரங்கள், மூக்குச் சிவந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். கரடிமலையின் உயரம், உச்சியில் நிற்கும் பாலைமரத்தையும் சேர்த்தால், இருநூறு அடி தேறும். கரடி அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தங்கத்துரையின் முதுகில் வியர்வை வழிந்து சாரம்வரை வந்திருந்தது.

சீட்டுக் கொடுக்கும் கூண்டுக்குள் பிரியங்கினி என்ற பெண் இருந்தாள். நல்ல பிள்ளை. கெட்டவர்களை அந்தத் திணைக்களம் வாசலில் வைப்பதில்லை.

"எத்தனை பேர், ஐயா?"

"நான் பாக்க வரேல்லைப் பிள்ளை. துருசு திறக்க வந்தனான். விதானை."

அவள் பட்டியலில் விரலை ஓடவிட்டாள். "உள்நாட்டுப் பார்வையாளர், வெளிநாட்டுப் பார்வையாளர், பாடசாலை மாணவர், தேனிலவுத் தம்பதி, ஆய்வாளர்... விதானை எண்டு ஒரு பிரிவும் இல்லையே, ஐயா."

"யானை உள்ளுக்குப் போய் வருகுது. அது எந்தப் பிரிவு?"

"யானை, மயில், பண்டி எல்லாம் நிரந்தர வதிவாளர்."

"நானும் நிரந்தரம்தான்."

"அத்தாட்சி இருக்கோ?"

"யானையிட்ட இருக்கோ?"

பிரியங்கினி கோபிக்கவில்லை. சுற்றறிக்கையை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "யானையிட்டக் கேக்கச் சொல்லி இதில இல்லை, ஐயா."

பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள். நீர் வேண்டுகோள் படிவம். ஆறு பக்கம். தலைமையகத்துக்குப் போய், திரும்பி வரத் தொண்ணூறு வேலைநாள்.

"பிள்ளை, நாலு நாளில குடலை வெடிச்சுக் கதிர் வந்திடும். தொண்ணூறு நாள் பொறு எண்டு நெல்லிட்ட நான் என்னெண்டு சொல்லுறது?"

அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஒரு வழி இருக்கு. பார்வையாளர் சீட்டு எடுத்தியள் எண்டால் துருசடி மட்டும் போகலாம். அதுதான் நாலாம் இலக்கப் பார்வையிடம்."

தான் பதினாறு வருடம் காவல் காத்த குளத்தைப் பார்க்கத் தங்கத்துரை சீட்டு எடுத்தார்.

சீட்டோடு ஒரு கோட்டும் வந்தது. மண்ணிறக் கம்பளி. முழங்கால்வரை நீளம். கழுத்தைச் சுற்றிப் பொய்மயிர். வெளியே இரண்டு பை, உள்ளே இரண்டு பை.

"இது என்ன கோதாரி?"

"குளிர்காலத்தில கட்டாயம், ஐயா. இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டினம்."

விஷயம் இதுதான். மலைஏரிகளை எப்படிப் பராமரிப்பது என்று பழக, திணைக்களத்தின் மேலதிகாரிகள் ஐந்து பேர் ஒரு பனிநாட்டுக்கு இரண்டு கிழமை போய் வந்தார்கள். வரும்போது அந்த நாட்டு விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து, ஒரு வரி விடாமல் தமிழில் போட்டார்கள். மார்கழி முதல் மாசி வரை கம்பளி உடை இன்றி எவரும் ஏரிக்கரையில் நடமாடலாகாது என்று அதில் இருந்தது. திருகோணமலையில் தை மாதத்து வெயில் எப்படியிருக்கும் என்று அதில் இல்லை.

கோட்டை மாட்டி நிமிர்ந்தபோது காவலாளி துருசுத் திறப்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டடி இரும்பு உள்ளே போக ஏலாது. பதினேழு என்று எழுதிய ஒரு தகரவில்லையைக் கையில் வைத்தான். "திரும்பி வரேக்க எடுக்கலாம்."

பல்லில்லாதவன் கரும்புத் தோட்டத்துக்குப் போனது போல, தங்கத்துரை உள்ளே போனார்.

எட்டுப் பார்வையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி. மயிர்த்தொப்பி போட்ட அந்த வழிகாட்டியைப் பார்த்ததும் தங்கத்துரைக்கு ஒருகணம் கண் இருண்டது. யோகராசா. அவர் பெண்சாதியின் கூடப்பிறந்த தம்பி. இதே வட்டையில் இரண்டு ஏக்கர் விதைத்துவிட்டு நிற்பவன்.

யோகராசா அவரைப் பார்த்தான். பிறகு பார்க்காதவன் மாதிரி மனப்பாடத்தைத் தொடங்கினான்.

"மதிப்புக்குரிய பார்வையாளர்களே, வலப்பக்கம் பார்க்கவும். முற்காலத்தில் இப்பகுதியில் விவசாயிகள் என்னும் ஒரு சாரார் வாழ்ந்தார்கள். இந்த ஏரியின் நீரை அவர்கள் பயன்படுத்தியிருக்கலாம் என்று ஊகிக்கப்படுகிறது."

"டேய் யோகு, ஊகிக்கப்படுகுதோ? போன வருசம் தண்ணி காணாதெண்டு மண்வெட்டியோட என்ர படலைக்கு வந்தது ஆரடா?"

"பார்வையாளர் அமைதி காக்கவும்," என்றான் யோகராசா உரத்து. பிறகு உதட்டை அசைக்காமல், "அத்தான், பின்னால கமரா. வயல் போனால் எனக்கு இதுதான் சோறு. கெடுத்துப் போடாதேங்கோ."

கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா கைவிசிறியால் வீசிக்கொண்டே கேட்டார். "அந்த விவசாயிகளுக்கு என்ன நடந்தது?"

"தெரியவில்லை, அம்மா. ஆராய்ச்சி நடக்கிறது."

துருசடியில் பந்தல் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துக் குளிர்காலப் பருவத்தின் விசேட விழா. பிராந்தியப் பணிப்பாளர் பாக்கியரத்தினம் கோட்டோடு மேடையில் நின்றார். கோட்டுக்காக இரண்டு பக்கமும் இரண்டு மின்விசிறி, மின்விசிறிக்காக ஒரு ஜெனரேற்றர், ஜெனரேற்றர் புகைக்காக மூக்கைப் பொத்த ஒரு லேஞ்சி.

"அன்பர்களே, இந்த ஏரியை ஆயிரம் வருடமாக மனிதர்கள் பாவித்துப் பாவித்தே பழுதாக்கிவிட்டார்கள். நாங்கள் வந்து மூன்று மாதம். ஒரு சொட்டு வெளியே போகவில்லை! பாவிக்கப்பட்ட நீர் பாதுகாக்கப்பட்ட நீர் அல்ல. யாருக்காகப் பாதுகாக்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். எதிர்காலச் சந்ததிக்காக! அந்தச் சந்ததி வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டோம். ஏனென்றால் அதற்குப் பிறகும் ஒரு சந்ததி வரும்."

கைதட்டல் ஓயமுன் தங்கத்துரை கையை உயர்த்தினார். "சேர், நான் இந்தக் குளத்து விதானை. நாற்பது ஏக்கர் குடலையில நிக்குது. ஒரு நாளைக்குத் துருசைத் திறந்தால் போதும்."

"மிக்க மகிழ்ச்சி. பார்வையாளரின் கருத்தை நாங்கள் எப்போதும் மதிக்கிறோம்."

"நான் பார்வையாளர் இல்லை, சேர்."

"சீட்டு எடுத்தீர்களா?"

"ஓம்."

"கோட்டுப் போட்டிருக்கிறீர்களா?"

தங்கத்துரை குனிந்து தன்னைப் பார்த்தார். "ஓம்."

"பிறகென்ன?" என்றார் பாக்கியரத்தினம். பந்தல் சிரித்தது.

விழா முடிந்ததும் அவர் இறங்கி வந்து தங்கத்துரையின் தோளில் கை வைத்தார். குரல் இப்போது ஊர்க்குரலாகிவிட்டது. "பெரியவர், குறை நினைக்காதேங்கோ. நானும் கமக்காரன்ர மகன்தான். சேத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதெண்டுதானே விழுந்து விழுந்து படிச்சனான்."

வெளியே வந்து தகரவில்லையை நீட்டினால், காவலாளி மண்டபத்துக்குள் கையைக் காட்டினான்.

மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி. உள்ளே சிவப்புப் பட்டின்மேல் துருசுத் திறப்பு படுத்துக் கிடந்தது. கீழே அட்டை. 'இரும்புக் கருவி. காலம்: தெரியவில்லை. பயன்: சமயச் சடங்காக இருக்கலாம்.'

"பிள்ளை! இது நான் காலமை கொண்டுவந்தது!"

"ஓம் ஐயா, உங்களைப் பற்றியும் போட்டிருக்கு," என்று பிரியங்கினி கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். 'கண்டெடுத்தவர்: உள்நாட்டுப் பார்வையாளர்.' அலுமாரியைத் திறக்க மூன்று கையெழுத்து வேண்டுமாம். ஒன்று பாக்கியரத்தினத்துடையது. மற்ற இரண்டும் கொழும்பில்.

தங்கத்துரை சைக்கிளை எடுத்தார். பாதி வழியில்தான் உடம்பு வேகுவது ஏன் என்று விளங்கியது. அவர்கள் திறப்பை வைத்துக்கொண்டார்கள். இவர் கோட்டோடு வந்துவிட்டார்.

விறாந்தையில் தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்த குணமணி தலை நிமிர்ந்தாள். அயலட்டையில் அவள் தைக்காத சட்டை இல்லை.

"இஞ்சருங்கோ, துருசு திறக்கப் போறன் எண்டு போன மனுசன் ரஷ்யாவுக்கோ போட்டு வாறியள்?"

அவர் சொல்லச் சொல்ல அவள் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டாள். கை முழங்கைவரை போனது.

"நல்ல துணி. அளந்து போட்டால் ஒரு பைக்கு ஒரு கொத்து அரிசி பிடிக்கும்," என்றாள். "உங்கட கூட்டாளி அஷ்ரப்பின்ர பெரிய றென்ச் இதுக்குள்ள நிக்காதோ?"

அஷ்ரப் குச்சவெளியான். குழாய்க்கிணறு அடிப்பது தொழில், கரடிமலை வட்டையில் மூன்று ஏக்கர் வயல். மறுநாள் காலை இரண்டு பேரும் வாசலுக்குப் போனார்கள். உள்பையில் றென்ச் தொங்க, தங்கத்துரை ஒருபக்கம் சாய்ந்துதான் நடந்தார்.

காவலாளி அஷ்ரப்பின் சட்டையைத் தடவினான். சாரத்தை உதறச் சொன்னான். வெற்றிலைப் பொட்டலத்தை விரித்துப் பார்த்தான். பிறகு தங்கத்துரையிடம் வந்தான். கோட்டில் கை வைக்கப் போனான்.

தங்கத்துரையின் நெஞ்சு துருசுக்குள் அகப்பட்ட விரால் மாதிரி அடித்தது.

கை அந்தரத்தில் நின்றது. "இது எங்கட கோட்டு," என்றான் காவலாளி. "திணைக்களச் சொத்தைச் சோதிக்க எனக்கு அதிகாரம் இல்லை. போங்கோ."

அஷ்ரப்புக்கும் ஒரு கோட்டுக் கிடைத்தது. பத்தடி நடந்ததும் அவன் முனகினான். "விதானையார், துருசடிக்குப் போறதுக்குள்ள நான் கருவாடாப் போயிருவன். என்ட மையத்தை அடக்கக் குச்சவெளிக்கு அனுப்பிருங்க."

"வாயை மூடிக்கொண்டு வா. வேர்வையைச் சேர்த்து வை. தண்ணி வராட்டி அதையாவது வயலுக்கு விடுவம்."

துருசடியில் யோகராசா பத்துப் பேருக்கு விவசாயிகளைப் பற்றி ஊகித்துக்கொண்டிருந்தான். தங்கத்துரை காத்து நிற்கவில்லை. கர்ப்பூரத்துக்கும் தடை. வைரவர் இருந்த கல்லைப் பார்த்து நெற்றியைத் தொட்டார். றென்ச்சை எடுத்துத் துருசுத் தண்டில் கொளுவினார். இழுத்தார். அசையவில்லை. மூன்று மாதத் துரு. அஷ்ரப்பும் பிடித்தான்.

பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பத்துக் கமராவும் பார்த்துக்கொண்டிருந்தது.

யோகராசாவின் கண் அத்தானின் கையிலிருந்து வேலிக்கு அப்பாலிருந்த தன் இரண்டு ஏக்கருக்குப் போய், அங்கிருந்து கமராவுக்கு வந்தது.

"மதிப்புக்குரிய பார்வையாளர்களே," என்றான். "இது... இது நாலாம் இலக்கப் பார்வையிடத்தின் சிறப்பு நிகழ்ச்சி. முற்கால விவசாயி நீர் திறந்த முறையை இப்போது நடித்துக் காட்டுகிறார்கள். படம் எடுக்கலாம்."

பத்துத் தொலைபேசிகள் உயர்ந்தன. தண்டு கிறீச்சிட்டது. ஒரு சுற்று. இரண்டாவது. மூன்றாவது சுற்றில் கட்டுக்கு அடியில் ஒரு உறுமல் கேட்டது. வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. பத்துப் பேரும் கைதட்டினார்கள். ஏழாவது சுற்று முடிந்ததும் அஷ்ரப் றென்ச்சைக் கழற்றி, ஒரு கணம் கையில் நிறுத்தி, குளத்தின் ஆழமான பக்கம் பார்த்து வீசினான்.

"கை வழுக்கிற்று, விதானையார்," என்றான்.

மத்தியானம் பாக்கியரத்தினம் ஓடிவந்தார். "மூடுங்கள்! உடனே மூடுங்கள்!"

எதனால் மூடுவது? துருசை மூடும் ஒரே கருவி கண்ணாடி அலுமாரிக்குள் பட்டுமெத்தையில் படுத்திருந்தது.

"கண்ணாடியை உடைச்சால் ஒரு நிமிச வேலை, சேர்," என்று தங்கத்துரை உதவிக்கு வந்தார்.

"தொல்பொருளையா? உமக்குச் சட்டம் தெரியுமா?"

இன்னொரு றென்ச் வாங்கலாமே என்றான் காவலாளி. வாங்கலாம். விலைமனுக் கோரி, மூன்று விலைமனு வந்து, குழு கூடினால் இருபத்தொரு நாள். திறப்புக்குக் கையெழுத்து அதைவிடக் கெதியாக வரும் என்று முடிவாயிற்று. பாக்கியரத்தினம் அங்கேயே ஒன்றைப் போட்டார். இரண்டாவது கொழும்பிலிருந்து ஐந்தாம் நாள் வந்தது. மூன்றாவது கையெழுத்துக்குரியவர் ஏரிப் பாதுகாப்புப் பற்றிப் பழகப் பனிநாட்டுக்குப் போயிருந்தார்.

அவர் வந்து கையெழுத்துப் போட்டுத் துருசு மூடுமட்டும் ஒன்பது நாள் தண்ணீர் பாய்ந்தது.

வயற்காரர் இராப்பகலாக வரம்பு வெட்டி, வரம்பு கட்டி, வேண்டிய தண்ணீரை மறித்து, மிச்சத்தைக் கடற்கரைக் களப்புக்கு விட்டார்கள். குடலை வெடித்தது. கதிர் பால் பிடித்தது. மாசி பிறக்க நாற்பது ஏக்கரும் தலையைச் சாய்த்து, காற்றடித்தால் சலங்கை மாதிரிச் சத்தம் போட்டது. தங்கத்துரையைக் கண்டவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். வாழ்நாளில் முதல்தடவையாக அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. அதிகமில்லை, ஐந்து நாளைக்கு.

ஆறாம் நாள் நில அளவையாளர் வந்து முளைக்கட்டை அடித்தார்கள்.

வரம்பில் நின்று பாக்கியரத்தினம் பேசினார். இந்தமுறை விசிறி இல்லை, கோட்டு இருந்தது.

"நீர் திருடினார்கள் என்று நாங்கள் வழக்குப் போடலாம். போடவில்லை. திணைக்களத்துக்கு இதயம் உண்டு. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? வனநிலத்து நீர் ஏழு நாளுக்கு மேல் தேங்கி நின்ற நிலம் ஈரநிலம். ஈரநிலம் வனநிலத்தின் நீட்சி. எங்கள் நீர் எங்கே நிற்கிறதோ, அங்கே நாங்களும் நிற்போம். நிலத்தை நாங்கள் எடுக்கவில்லை, அன்பர்களே. நீங்கள்தான் வாய்க்கால் வெட்டி எங்களை அழைத்து வந்தீர்கள்."

வேலி வயலைச் சுற்றி வளைந்தது. அறுவடை மெசினுக்குத் தடை, அரிவாளுக்கும் தடை. மயிலும் பன்றியும் நிரந்தர வதிவாளர் என்றபடியால் இரண்டு நேரமும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயின.

அன்று பின்னேரம் அஷ்ரப் வந்து தங்கத்துரையின் படலையில் நின்றான். உள்ளே வரவில்லை.

"விதானையார், ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது. நாம திறக்காம விட்டிருந்தாச் சப்பி விளைஞ்சிருக்கும். சப்பிதான். ஆனா நம்மட வயல்ல கிடந்திருக்கும்."

பதினாறு வருடம் தங்கத்துரையின் கையால் தண்ணீர் திறந்து சண்டை வந்ததில்லை.

மறுநாள் அவர் தன் வயலுக்குப் புதிதாகப் போட்ட வாசலில் போய் நின்றார். பிரியங்கினியை அங்கே மாற்றியிருந்தார்கள். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "எத்தனை பேர், ஐயா?"

"ஒராள்."

சீட்டு. கோட்டு. ஐந்தாம் இலக்கப் பார்வையிடம்.

யோகராசா தன் சொந்த இரண்டு ஏக்கருக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னான். "இது காட்டுநெல். யாரும் விதைக்காமல் தானாக விளைவது."

"வரம்பெல்லாம் கட்டின மாதிரி இருக்கே?" என்றார் ஒரு பார்வையாளர்.

"இயற்கையின் விந்தை, ஐயா," என்றான். தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டான்.

தங்கத்துரை ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. அவர் கை தானாகப் போயிற்று. கோட்டுக் கைக்குள்ளிருந்து இரண்டு விரல் வெளியே வந்து, ஒரு கதிரை அடியில் பிடித்து, மேலே உருவியது. நெல் உள்ளங்கையில் கொட்டியது. உள்ளங்கை பைக்குள் போயிற்று.

யோகராசா கண்டுவிட்டான். அடுத்த கதிருக்கு அத்தானின் கை போகும்போதே அவன் குரல் உரத்தது. "மதிப்புக்குரிய பார்வையாளர்களே, எல்லோரும் இடப்பக்கம் பார்க்கவும். மிக அரிய கொக்கு!"

இடப்பக்கத்தில் ஒரு கொக்கும் இல்லை. எல்லோரும் நீண்ட நேரம் தேடினார்கள்.

வீட்டில் பைகளைக் கவிழ்த்தபோது குணமணியின் சுளகில் இரண்டு கொத்து நெல் விழுந்தது.

இரண்டே நாளில் வட்டை முழுக்கக் கதை பரவிவிட்டது. விடியக் காலமையே வாசலில் வரிசை. வயற்காரர், அவர்கள் பெண்சாதிமார், வெருகலிலிருந்து வந்த உறவுக்காரர். திணைக்களத்திடம் இருந்த கோட்டு இருபத்தெட்டு. ஒருவர் கழற்றக் கழற்ற மற்றவர் மாட்டினார். உச்சிவெயிலில் கம்பளிக்குள் அவிந்துகொண்டு, தங்கள் வயலைத் தாங்களே சுற்றிப் பார்த்தார்கள். அஷ்ரப்பும் வந்தான். தங்கத்துரையைக் கண்டதும், நாலு பையும் புடைக்கத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். யோகராசா ஒரு நாளைக்கு நூறு கொக்குக் காட்டினான்.

பாக்கியரத்தினம் வானொலியில் பேசினார். "நாட்டிலேயே அதிகூடிய குளிர்காலப் பார்வையாளர் கரடிமலைக்குத்தான். உள்ளூர் மக்களின் வனநேசம் என்னைக் கண்கலங்க வைக்கிறது. ஒரே தாய் ஒரே நாளில் மூன்று தடவை வருகிறார். அவர்களுக்கு வயல் தேவையில்லை, அன்பர்களே. வயலைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடுகிறது!" மக்களின் அன்பை மதித்து, கரடிமலையில் குளிர்காலம் பங்குனிக் கடைசிவரை நீடிக்கப்பட்டது.

கெடுத்தது ஒரு தூறல். கூரைக்கு வெளியே கொடியில் கிடந்த கோட்டு ஒன்று நனைந்தது. நாலாம் நாள் அதை எடுத்து உதறினால், பைக்குள்ளிருந்து பச்சைப் பசேலென்று நாற்று எட்டிப் பார்த்தது.

பாக்கியரத்தினம் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவர் கமக்காரன் மகன். நாற்று எது, காட்டுநெல் எது என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் தங்கத்துரையின் படலையில் ஜீப் நின்றது. இருபத்தெட்டுக் கோட்டையும் விறாந்தையில் இறக்கினார்கள். கூடவே ஒரு கடிதம். திணைக்களத்தின் சமூகப் பங்களிப்புத் திட்டத்தின் கீழ், உள்ளூர்ப் பெண்மணி ஒருவருக்குத் தையல் வேலை வழங்கப்படுகிறது. வேலை: எல்லாக் கோட்டுகளின் எல்லாப் பைகளையும் வாயை மூடித் தைத்தல்.

குணமணி கடிதத்தை இரண்டுதரம் வாசித்தாள். மெசினுக்கு எண்ணெய் விட்டாள். நூல் கோத்தாள்.

தங்கத்துரை விறாந்தைத் தூணில் சாய்ந்திருந்து பார்த்தார். ஒரு பை. அடுத்த பை. மெசின் ஓடும் ஒவ்வொரு தரமும் ஒரு வாய் மூடியது. பத்தாவது கோட்டில் அவரால் ஏலாமல் போயிற்று.

"நீயுமோடி?"

குணமணி காலை நிறுத்தவில்லை. அந்தத் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கோட்டை அவர் மடியில் போட்டாள்.

"மாட்டிப் பாருங்கோ."

மாட்டினார். பைகள் எல்லாம் கல்லு மாதிரி மூடியிருந்தன. நல்ல உறுதியான தையல், இரட்டைத் தையல். கோட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்துணியில் ஏதோ இடறியது. இடுப்பளவில் ஒரு வாய், விரல் போகுமளவுக்கு, திறந்திருந்தது. அதற்கு உள்ளே, முழங்கால் மடிப்புவரை, கோட்டு முழுக்க ஒரே பை.

"பையைத்தான் தைக்கச் சொன்னவை," என்றாள் குணமணி, அடுத்த கோட்டை எடுத்துக்கொண்டே. "உள்துணியைப் பற்றி அந்தக் கடிதத்தில ஒரு சொல் இல்லை."

தங்கத்துரைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பங்குனி மழை ஒன்று இறங்கினால் நிற்கிற நெல்லெல்லாம் சேற்றில் சரிந்துவிடும். வானத்தைப் பார்த்து எண்ணினால் அதற்கு இன்னும் பதினொரு நாள். இருபத்தெட்டுக் கோட்டு. நாற்பது ஏக்கர்.

மெசின் திரும்ப ஓடத் தொடங்கியது. வயல் பக்கம் மயிலொன்று அகவியது. நிரந்தர வதிவாளர்கள் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். சீட்டில்லாமல், கோட்டில்லாமல்.